மகாராணி பேரில் அன்னதானம்

1876 அக்டோபர் 18, புதன்

தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. இன்று முதல் தினசரிக் குறிப்பு எழுதுவதென்று தீர்மானம். பெரிய மனிதர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள் என்று கலெக்டர் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்ததார் சுப்பராயர் சொன்னார். என்னையும் அந்த வரிசையில் வைத்துத்தான் சொன்னார். சந்தோஷமாக இருந்தது.

அம்பலவாணன் என்கிற நான் வேலந்துறையில் அரிசி வியாபாரம் செய்பவன். சொந்தமாக இரண்டு கப்பல். ரங்கூனிலிருந்து வரும் மூட்டைகள் இறங்கும் கிட்டங்கி கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அதை ஒட்டியே வீடு. சம்சாரம் தையல்நாயகி. ஒரே பிள்ளை குஞ்சிதபாதம். சென்னைப் பட்டணத்தில் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்திருக்கிறான். வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. கல்யாணம் ஆனால் ஒட்டிவிடும்.

போன வாரம் இரண்டு கப்பலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. கிட்டங்கியில் உத்தரம் வரைக்கும் மூட்டை. விற்பனையை ஆரம்பிக்கலாமா என்று கணக்குப்பிள்ளை ஏகாம்பரம் கேட்டார். பொறுங்கள் என்றேன். மழை இன்னும் இறங்கவில்லை. இறங்காவிட்டால் கார்த்திகையில் அரிசி வேறு விலை போகும். காத்திருக்கத் தெரியாதவன் கடை வைக்கக்கூடாது.

அக்டோபர் 23, திங்கள்

கந்தர் சஷ்டி. தையல்நாயகி வழக்கம்போல் ஆறு நாளும் பாலும் பழமும்தான். கோயிலில் நல்ல கூட்டம். கடல் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்தது. ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தெற்கே போய்விட்டது.

அக்டோபர் 26, வியாழன்

சஷ்டி முடிந்தும் தையல்நாயகிக்குப் பசி எடுக்கவில்லை. இலையில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தாள். விரதம் இருந்த வயிறு, மெல்லத்தான் திரும்பும்.

நவம்பர் 2, வியாழன்

மேற்கேயிருந்து ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஏரிகள் வறண்டு, மாடுகள் செத்து, ஊரோடு கிளம்பி வருகிறார்கள். துறைமுகம் உள்ள ஊரென்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் கிட்டங்கி வாசலில் வேப்பமர நிழல் இருப்பதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது தையல்நாயகி மெல்ல ஆரம்பித்தாள்.

"வாசல்ல ஒரு பொண்ணு இருக்கா பாத்தீங்களா? கைப்புள்ளக்காரி. திருக்கோவிலூர்ப் பக்கமாம். மாமனார், மாமியா, புருஷன் எல்லாரும் வழியிலேயே போயிட்டாங்களாம்."

"பாவம்தான்."

"ஒரு மூட்டையப் பிரிச்சு கஞ்சி காய்ச்சி ஊத்தலாங்க."

ஒரு மூட்டை பிரித்தால் நாளைக்கு ஊரே வாசலில் நிற்கும் என்று எடுத்துச் சொன்னேன். அவள் என் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு போனாள். கூடத்து ஜன்னல் வழியாக அவர்கள் தெரிகிறார்கள். திரை தைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன், வெயிலும் உறைக்கிறது.

நவம்பர் 9, வியாழன்

நல்ல செய்தி. சுப்பராயர் வீட்டுக்கே வந்தார். மகாராணி விக்டோரியா அம்மையார் இந்தியாவுக்குச் சக்கரவர்த்தினியாகப் பட்டம் சூடுகிறார்கள். ஜனவரி முதல் தேதி டில்லியில் தர்பார். அதே நாளில் ஊருக்கு ஊர் விழா. வேலந்துறைக்குக் கலெக்டர் துரையே வருகிறார். ஜில்லாவின் முக்கியஸ்தர்கள் சிலருக்குச் சக்கரவர்த்தினி பேரில் நற்சாட்சிப் பத்திரம் தருவார்களாம்.

"உங்க பேரும் அடிபடுது," என்றார் சுப்பராயர். "ஆனா துரை தர்மவான். இந்தப் பஞ்சத்துல இவர் என்ன செஞ்சார்னு கேப்பார்."

அப்போதே எனக்கு யோசனை தோன்றிவிட்டது. விழா அன்று மைதானத்தில் பந்தல் போட்டு, சக்கரவர்த்தினி பேரில் ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு. துரை கண்ணெதிரிலேயே. சுப்பராயரிடம் சொன்னேன். "எப்ப செய்யறதுங்கறது உங்க இஷ்டம். இப்பவே செஞ்சாலும் துரைக்குச் சேதி போகும்," என்றார். சேதி போவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. அவர் உத்தியோகஸ்தர், அவருக்கு இது தெரியாது.

நவம்பர் 11, சனி

தையல்நாயகியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்குப் போடற சோத்த இன்னிக்கே போட்டா என்னங்க?"

"துரை அன்னிக்குத்தானே வராரு?"

"பசி இன்னிக்கு வந்துடுச்சே."

பெண்களுக்கு இந்தக் காரியங்கள் புரியாது. சால்வைக்குக் காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். துரை உட்காருவதற்குத் தேக்கில் ஒரு பெரிய நாற்காலி. தச்சன் திங்கட்கிழமை வருவான்.

நவம்பர் 20, திங்கள்

கடைத்தெருவில் கலகம். ஒரு தானியக் கடையை உடைத்து, சாக்கைக் கிழித்து, தெருவில் கொட்டியதை மண்ணோடு அள்ளியிருக்கிறார்கள். மத்தியானமே போலீசில் சொல்லி நம் கிட்டங்கிக்குக் காவல் வாங்கிவிட்டேன். ஏட்டு முனிரத்தினமும் இரண்டு கான்ஸ்டபிளும் நிற்கிறார்கள். வேப்பமரத்தடியில் இருந்தவர்களைச் சாலைக்கு அப்பால் தள்ளி உட்கார வைத்தாயிற்று.

சாவிக்கொத்தை ஏகாம்பரத்திடமிருந்து வாங்கி என் இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். அவர்மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 26, ஞாயிறு

காலையில் வாசலைக் கழுவ வெகுநேரம் ஆகிவிட்டது. அதனால் தச்சன் வண்டி உள்ளே வர முடியவில்லை. நாற்காலி வேலை ஒருநாள் தள்ளிப்போயிற்று.

நவம்பர் 27, திங்கள்

ராத்திரி நம் வாசலில் வந்து விழுந்து கிடந்தது அந்தக் கைப்பிள்ளைக்காரிதான் என்று ஏகாம்பரம் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். குழந்தையைக் குஞ்சிதபாதம் எடுத்துப் போய்ப் பாதிரிமார் வீட்டில் விட்டானாம். எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. போகட்டும்.

நவம்பர் 30, வியாழன்

கார்த்திகை தீபம். விளக்கு ஏற்றும்போது தையல்நாயகியின் கையிலிருந்து தங்க வளையல் கழன்று எண்ணெயில் விழுந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். அளவு சரியாகத்தான் இருக்கிறது, அம்மா கைதான் இளைத்திருக்கிறது என்கிறான். சிறிதாக்கித் தரச் சொன்னேன். அவள் வேண்டாம் என்று எல்லா வளையலையும் கழற்றி வைத்துவிட்டுச் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டாள்.

டிசம்பர் 6, புதன்

வைத்தியர் கலியபெருமாள் வந்து நாடி பார்த்தார். பித்தமா, வாயுவா, காமாலையா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.

"வேற என்னதான் சீக்கு?"

"சீக்கு இல்லீங்க முதலாளி. அம்மா சாப்பிடறதில்ல. அவ்வளவுதான்."

லேகியம் கொடுங்கள் என்றேன். கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் போய்விட்டார். மறந்திருப்பார்.

அவளிடம் நேராகவே கேட்டேன். ஏன் இப்படிச் செய்கிறாய், யார் என்ன சொன்னார்கள் என்று. சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வீம்புன்னு நெனைக்காதீங்க. சாப்பிடணும்னுதான் உக்கார்றேன். வாய்ல வெச்சா எறங்க மாட்டேங்குது. அந்தப் பொண்ணு நம்ம வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. நான் உள்ள உக்காந்து ரசம் ஊத்திக்கிட்டிருந்தேன்."

லேகியத்தைத் தேனில் குழைத்து நானே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

குஞ்சிதபாதத்தோடு வாக்குவாதம். பெற்ற தகப்பனிடம் யாரும் அப்படிப் பேசக்கூடாது.

"அம்மா செத்துக்கிட்டிருக்காங்க அப்பா."

"வைத்தியம் நடக்குதுடா."

"வைத்தியம் கிட்டங்கில இருக்கு. சாவி ஒங்க இடுப்புல இருக்கு."

அறைந்துவிட்டேன். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. சர்க்கார் கஞ்சித்தொட்டியில் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், அங்கே போகிறேன் என்று கிளம்பிவிட்டான். தையல்நாயகி வாசல்படி வரைக்கும் போய் அவனுக்கு விபூதி பூசி அனுப்பினாள். 

என் பாட்டன் தலைச்சுமையாக உப்பு விற்றவர். அப்பா ஒற்றைப் படகு வாங்கினார். நான் கப்பல் வாங்கினேன். இவனுக்காகத்தான் எல்லாம். இவன் போய்க் கஞ்சி கிண்டுகிறான்.

டிசம்பர் 14, வியாழன்

மார்கழி பிறந்தது. சால்வை வந்தது. ஜரிகை எதிர்பார்த்ததைவிட அகலம். அரிசி விலை நான் நினைத்த இடத்தைத் தாண்டிவிட்டது. ஏகாம்பரம், "இப்பவாச்சும் வித்துடலாங்க முதலாளி," என்றார். தை மாதம் இன்னும் ஏறும் என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்; கணக்கு எழுதுகிறவரிடம் யோசனை கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

டிசம்பர் 18, திங்கள்

கூடத்தில் புழுக்கமாக இருப்பதால் உள் அறையில் இலை போடச் சொல்லிவிட்டேன். கதவையும் சாத்திக்கொள்கிறேன். ஈ வருகிறது.

டிசம்பர் 23, சனி

தையல்நாயகியால் இப்போது பிடிமானம் இல்லாமல் எழுந்திருக்க முடிவதில்லை. கை கொடுத்துத் தூக்கினேன். கல்யாணமாகி வந்த புதிதில் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டிய வீட்டுப்பெண் என்று என் தாயார் பெருமைப்பட்டவள். வைக்கோல் கட்டைத் தூக்குவதுபோல் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான் தையலு. ஒண்ணாந்தேதி எல்லாருக்கும் போடறேன். கண்ணால பாத்துட்டு நீயும் சாப்பிடு."

"ஒண்ணாந்தேதிக்கு எல்லாரும் இருக்கணுமேங்க."

"எல்லாரும்னா?"

சிரித்தாள். சிரிப்பென்று சொல்ல முடியாது. "நான் வாசல்ல இருக்கறவங்களச் சொன்னேன்," என்றாள்.

டிசம்பர் 26, செவ்வாய்

பந்தலுக்கு மூங்கில் இறங்கியது. விருந்துக்கு வேண்டிய மூட்டைகளை மட்டும் நானே நின்று எடுத்துக் கொடுத்துக் கிட்டங்கியை மறுபடி பூட்டினேன். வண்டி போகும்போது சாலையோரம் இருந்தவர்கள் யாரும் எழுந்து வரவில்லை. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். முன்பெல்லாம் கூச்சல் போடுவார்கள்.

டிசம்பர் 30, சனி

திருவாதிரை. வேண்டாமென்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தையல்நாயகி குளித்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்துகொண்டே களி கிண்டினாள். எனக்கு இலை போட்டாள். களியைப் பரிமாறக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். தலை உரலில் படாமல் பிடித்துவிட்டேன்.

வைத்தியர் வந்தார். நாடி மிகவும் தாழ்ந்து ஓடுகிறது என்றார். "இனிமே என்னால ஆகறது ஒண்ணுமில்லீங்க" என்று அவர் சொன்னபோது குஞ்சிதபாதமும் வந்து நின்றிருந்தான். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியவில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். என் இடுப்பைப் பார்த்தான்.

சாவியைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம் என்று இதைப் படிப்பவர் நினைக்கக்கூடும். நாளை மறுநாள் துரை வருகிறார். இத்தனை நாள் காத்தவன் இரண்டு நாளில் என்ன கெட்டுவிடப் போகிறேன் என்று நினைத்தேன். களி இலையில் ஆறிப்போய்க் கிடந்தது. நானும் சாப்பிடவில்லை.

1877 ஜனவரி 1, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் தையல்நாயகி கண் திறந்து பார்த்தாள். ஜரிகைத் தலைப்பாகையும் சால்வையுமாக நின்றேன். "நல்லா இருக்குங்க, போயிட்டு வாங்க," என்றாள். குஞ்சிதபாதம் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னான். வாசலில் ஏட்டும் கான்ஸ்டபிள்களும் இல்லை. விழா பந்தோபஸ்துக்கு எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

மைதானத்தில் வாழைமரம், தோரணம், பாண்டு வாத்தியம். கலெக்டர் துரை தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். டில்லிப் பிரகடனத்தை இங்கிலீஷில் வாசித்தார்கள், பிறகு தமிழில். பேர் பேராக அழைத்தார்கள். என் பேர் வந்தது. துரை கையிலிருந்து பத்திரத்தை வாங்கினேன். எத்தனையோ நாள் இந்தக் கணத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது என்ன நினைத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

அடுத்தது அன்னதானம். பந்தலுக்குள் வரிசை வரிசையாக இலை. சோறு மலையாகக் குவித்து ஆவி பறந்துகொண்டிருந்தது. சாம்பார் அண்டா, பாயச அண்டா. துரை, துரைசானி, சுப்பராயர், நான் எல்லோரும் வாசலில் நிற்கிறோம். கயிற்றை அவிழ்த்தார்கள்.

ஆள் இல்லை.

கோயில் பிச்சைக்காரர்கள் கொஞ்சம் பேரும், வேடிக்கை பார்க்க வந்த கடைக்காரர்களும் தவிர யாரும் வரவில்லை. காற்றில் இலைகள் புரண்டன. துரை சுப்பராயரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். சுப்பராயர் என் காதருகே குனிந்தார். "ஜனமெல்லாம் எங்கேன்னு துரை கேக்கறார்."

என் முகம் எப்படி இருந்ததோ. அப்போதுதான் ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"முதலாளி! கிட்டங்கி தொறந்து கெடக்கு. எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

துரையிடம் என்ன சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேனோ தெரியாது. ஏட்டு முனிரத்தினம் தடியோடு என் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். சுப்பராயர் பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் நான் ஒன்றைத்தான் நினைத்தேன். எவனாக இருந்தாலும் விலங்கு மாட்டாமல் விடுவதில்லை. குஞ்சிதபாதமாக இருந்தாலும்தான்.

கிட்டங்கிப் பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. கதவைக் கீலோடு பெயர்த்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள். வாசலில் வரிசையாக அடுப்பு. எங்கள் கல்யாணத்துப் பாத்திரங்கள் எல்லாம் அதன்மேல். குஞ்சிதபாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அகப்பையோடு நிற்கிறான். சாலை நெடுகிலும் ஜனங்கள். அத்தனை பேர் இருந்தும் சத்தமே இல்லை. குடிக்கிற சத்தம் மட்டும்தான்.

நடுவில், ஒரு மூட்டையில் சாய்ந்துகொண்டு தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு கிழவர், இந்தப்பக்கம் இரண்டு பெண்கள். அவர்கள் கையில் இருப்பது போலவே அவள் கையிலும் ஒரு தொன்னை. ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் கழுத்து நரம்பு அசைந்தது. நான் வண்டியை விட்டு இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏட்டு குதித்து இறங்கிச் சத்தம் போட்டார்.

"யாருடா கதவ ஒடச்சது? முதலாளி, ஆளக் காட்டுங்க. இப்பவே கொண்டுபோய் உள்ள தள்றேன்."

தொன்னைகள் நின்றன. குஞ்சிதபாதம் அகப்பையை வைத்துவிட்டு முன்னால் வந்தான். "நான்தா—"

"நான்தான் ஒடைக்கச் சொன்னேன்," என்றேன்.

ஏட்டு திரும்பிப் பார்த்தார். "நீங்களா?"

"சாவி தொலைஞ்சு போச்சு. அதான் கீலப் பேத்தெடுக்கச் சொன்னேன்."

சாவிக்கொத்து இடுப்பில்தான் இருந்தது. சத்தம் வராமலிருக்கச் சால்வையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஏட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. சுப்பராயர் என்னையும் என் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சொந்தக்காரரே சொல்றார், அப்புறம் என்னய்யா?" என்று ஏட்டைத் திருப்பி அனுப்பினார்.

குஞ்சிதபாதம் அகப்பையை எடுத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினான். மைதானத்துச் சோற்றையும் வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவரச் சொல்லி ஏகாம்பரத்தை அனுப்பினேன்.

ஜனவரி 2, செவ்வாய்

சுப்பராயர் வந்தார். அம்பலவாணர் விருந்தோடு நிற்காமல் கிட்டங்கியையே சக்கரவர்த்தினி பேரில் திறந்துவிட்டார் என்று துரையிடம் சொல்லப்பட்டதாம். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. துரைக்கு ரொம்பத் திருப்தி, கவர்னருக்கு எழுதிவிட்டாராம். நான் மறுக்கவில்லை. சுப்பராயர் விடைபெறும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இதற்குமுன் தொட்டதில்லை.

கதவைத் திரும்ப மாட்டத் தச்சன் வந்து நின்றான். நாளைக்கு வா என்றேன்.

ஜனவரி 4, வியாழன்

நாடி நிமிர்ந்திருக்கிறது, ஆனாலும் இப்போதே ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார் வைத்தியர். தையல்நாயகி வீட்டுக்குள் சாப்பிட வரமாட்டேன் என்கிறாள். காலையில் கிட்டங்கி வாசலுக்குத் தூக்கிப் போய் உட்கார வைக்கிறோம்.

இன்று வரிசை நேற்றைவிட நீளம். சேதி கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்துவிட்டார்கள். இப்படியே போனால் தை முடிவதற்குள் கிட்டங்கி காலி. அந்த யோசனையோடுதான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கையில் பாதி குடித்த தொன்னை.

"ஊரெல்லாம் உங்களத்தான் பேசுது," என்றாள்.

"பேசட்டும்."

"கவர்னருக்கே எழுதிட்டாங்களாமே."

"எழுதிட்டாங்க."

"அப்ப இனிமே மூட முடியாது, இல்லீங்களா?"

சிரிக்காமல்தான் கேட்டாள். சரக்கின் விலையை விற்பவன் வாய்தவறிச் சொல்லிவிட்ட பிறகு வாங்குகிறவன் ஒரு பார்வை பார்ப்பான், அந்தப் பார்வை. இத்தனை வருஷமாக இவளுக்கு வியாபாரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"முடியாது," என்றேன்.

"ரங்கூன்லேருந்து அடுத்த கப்பல் வந்தா?"

வரிசையின் கடைசி எங்கே என்று எட்டிப் பார்த்தேன். அவள் அவசரப்படவில்லை. காத்திருந்தாள்.

"அதுவும் இங்கதான் எறங்கும்."

தொன்னையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்து என்னிடம் நீட்டினாள்.

"இன்னொரு அகப்பை வாங்கிட்டு வாங்களேன். பசிக்குது."

வாங்கப் போனேன். வரிசையில் நின்றவர்கள் என்னைக் கண்டதும் பதறி விலகி வழிவிட்டார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கடைசியில் போய் நின்றேன்.